லைன் 30: கொடுத்த காசும் கணக்குல ஏறுன காசும்

"உங்க ஊர்ல இருந்து ஒரு எபிசோடு போடுங்க"ன்னு ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்கீங்க. இது எங்க ஊர்ல ஆரம்பிச்சு அமெரிக்கா போய்த் திரும்புற கதை.

எங்க ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர், மடவார் வளாகம். ஆண்டாள் கோயில் எல்லாருக்கும் தெரியும். அதே ஊர்ல இருக்கிற எங்க வைத்தியநாதசுவாமி கோயிலை வெளியூர்க்காரங்க அவ்வளவா கேள்விப்பட்டிருக்க மாட்டாங்க. திருமலை நாயக்கரோட தீராத வயித்துவலி இங்க வந்துதான் தீந்துச்சுன்னு ஊர்ல சொல்லுவாங்க.

2021 மார்ச். வொர்க் ஃப்ரம் ஹோம்ல நான் மாடி ரூம்ல கோடு எழுதிட்டு இருந்தேன். கீழ ஹால்ல எங்க பெரியம்மா பொண்ணு. அக்கா பி.காம். வேலை என்னன்னா, ராத்திரி முழுக்க அமெரிக்கக்காரங்களோட வருமான வரி ரிட்டர்ன் தயார் பண்றது. ஒருநாள் ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டா.

"தம்பி, நீ கம்ப்யூட்டர் ஆளுதானே. ரெண்டு இடத்துல ரெண்டு கணக்கு இருந்தா நீ எதை நம்புவ?"

பிரச்சினை 1040ங்கிற படிவத்துல ஒரே ஒரு வரி. லைன் 30.

கொஞ்சம் பின்னாடி போவோம். 2020 மார்ச் 27. கொரோனாவுல உலகமே முடங்கிக் கிடந்தப்ப, அமெரிக்காவுல கேர்ஸ் சட்டம் கையெழுத்தாச்சு. வருமான வரம்புக்குள்ள இருக்கிற பெரியவங்களுக்குத் தலைக்கு 1,200 டாலர், 17 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைக்கு 500. டிசம்பர்ல ரெண்டாவது சுத்து, தலைக்கு 600. 2021 மார்ச்ல மூணாவது, 1,400.

எல்லாரும் இதை இலவசப் பணம்னு நினைச்சாங்க. சட்டப்படி பார்த்தா இது வரிச்சலுகை. அதுவும் முன்பணம். முதல் ரெண்டு சுத்தும் 2020-ஆம் வருஷத்து வரியில கழிக்க வேண்டிய தொகை. ஆனா 2020 வருமானம் எவ்வளவுன்னு 2020 முடியுறதுக்கு முன்னாடி யாருக்குத் தெரியும்? அதனால பழைய ரிட்டர்னைப் பார்த்து உத்தேசமா அனுப்பிட்டாங்க. வருஷம் முடிஞ்சதும் உண்மையா எவ்வளவு வரணும்னு கணக்குப் போட்டு, கைக்கு வந்ததைக் கழிச்சு, மிச்சத்தை லைன் 30-ல எழுதிக் கேக்கணும். அதிகமா வந்திருந்தா? பொதுவா திருப்பித் தர வேண்டாம். குறைவா வந்திருந்தா? நீங்கதான் கேக்கணும். அந்த இடத்தைக் காலியா விட்டா அரசாங்கம் தானா கணக்குப் போட்டுத் தராதுன்னு வரித்துறையே அறிவிச்சிருந்துச்சு.

இப்ப அக்கா கையில இருந்த ஃபைல். யாரு, எந்த ஊருன்னு அவ சொல்லல, நானும் கேக்கல. ஆனா கதை நமக்கு ரொம்பப் பழக்கமான கதை. கணவர் எச்-1பி விசா. மனைவி எச்-4, வேலை பார்க்க அனுமதி இல்ல. அங்கேயே பிறந்த ஒரு குழந்தை. கணவருக்கும் குழந்தைக்கும் சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இருக்கு. மனைவிக்கு அது கிடைக்காது. வரி கட்டுறதுக்குன்னு தர்ற ஐ.டி.ஐ.என். மட்டும்தான்.

கேர்ஸ் சட்டத்துல ஒரு நிபந்தனை இருந்துச்சு. தம்பதி சேர்ந்து ரிட்டர்ன் போட்டா ரெண்டு பேருக்குமே சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இருக்கணும். ராணுவத்துல இருக்கிறவங்களுக்கு மட்டும் விலக்கு. மத்தவங்க யாராயிருந்தாலும், ஒருத்தருக்கு நம்பர் இல்லேன்னா மொத்தக் குடும்பத்துக்கும் பூஜ்யம். வரி மட்டும் எல்லாரையும் போலத்தான் கட்டியிருப்பாங்க. இது புதுசும் இல்ல. 2008 நெருக்கடியப்ப புஷ் அரசு காசோலை அனுப்புனப்பவும் இதே நிபந்தனைதான்.

ஆனா 2020 டிசம்பர் 27-ல வந்த சட்டம் இதைத் திருத்துச்சு. அதுவும் முன்தேதியிட்டு. நம்பர் இருக்கிற கணவருக்கு 1,200, குழந்தைக்கு 500, ஆக மொத்தம் 1,700 டாலர் இப்ப உண்டு. ஆனா வீடு தேடி வராது. 2020 ரிட்டர்ன்ல, லைன் 30-ல எழுதிக் கேக்கணும்.

அக்காவோட ஆபீஸ் செக்லிஸ்ட் டிசம்பருக்கு முன்னாடி எழுதுனது. 'சேர்ந்து ரிட்டர்ன், ஒருத்தருக்கு ஐ.டி.ஐ.என்.னா லைன் 30 காலி'ன்னு இருந்துச்சு. சட்டம் மாறிடுச்சு, செக்லிஸ்ட் மாறல. நம்ம பாஷையில சொன்னா, ப்ரொடக்ஷன்ல ரூல் மாறியாச்சு, நம்ம சிஸ்டம்ல பழைய கான்ஃபிக் ஓடிட்டு இருக்கு.

அவ ரிவ்யூவருக்கு எழுதினா. அந்த ஃபைல் சரியாச்சு. அதோட விடல. அந்த மாசம் ஏற்கெனவே அனுப்புன ஃபைல்களைத் திரும்ப எடுத்துப் பார்க்கணும்னு இன்னொரு மெயில் போட்டா. "எத்தனை வீட்டு 1,700 டாலர் என் கையால போச்சுன்னு தெரியலடா"ன்னு சொன்னது இன்னும் காதுல இருக்கு.

எதிர்ப்பக்கமும் தப்பு உண்டு. "எனக்குப் பணம் வரவே இல்ல"ன்னு கிளையன்ட் சத்தியம் பண்ணுவாராம். 2020 மே மாசம் சுமார் 40 லட்சம் பேருக்கு காசோலைக்குப் பதிலா டெபிட் கார்டு போச்சு. வரித்துறை பேரே முன்னால இல்லாத சாதா கவர். விளம்பரம்னு நினைச்சு நிறைய பேர் குப்பையில போட்டுட்டாங்க. கிளையன்ட்டைப் பொறுத்தவரைக்கும் வரல, அரசுக் கணக்குல கொடுத்தாச்சு. ரெண்டும் டேலி ஆகலைன்னா ரீஃபண்டு நிக்கும்.

அன்னைக்கு எனக்கு ஆனைமங்கலச் செப்பேடு ஞாபகம் வந்துச்சு. சுமார் 1006-ல ராஜராஜ சோழன், நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரைக்கு ஆனைமங்கலம்ங்கிற ஊரோட வருமானத்தைக் கொடுக்குறார். வருஷத்துக்கு சுமார் 8,900 கலம் நெல். ராஜா வாயால சொல்லிட்டாரே, முடிஞ்சுதான்னா, முடியல. அந்தச் சொல் ஓலையில ஏறணும், அதிகாரிகள் ஒப்பிட்டுப் பார்க்கணும், வரிப்பொத்தகத்துல பதியணும். எந்தெந்த அதிகாரி கூட இருந்தாங்கன்னு செப்பேட்டுலயே பேர் வரிசையா இருக்கு. அந்தக் கொடையை நிலைநிறுத்துனது மகன் ராஜேந்திரன். எங்க பாண்டிய நாட்டுலயும் இதே கதைதான். வரி நீக்கி அரசர் ஆணை போட்டா அதுக்குப் பேர் 'கேள்வி'. அதை வரித்துறைக் கணக்குல ஏத்துறதுக்கு 'உள்வரி'ன்னு இன்னொரு ஆவணம். உள்வரி ஏறலைன்னா அடுத்த வருஷம் வரி கேக்க ஆள் வந்து நிப்பான்.

அதாவது, கையெழுத்து போட்ட அன்னைக்கு எந்த உதவியும் முடியுறதில்ல. கணக்குல ஏறுன அன்னைக்குத்தான் முடியுது. ராஜா பேர் கல்லுல நிக்கும். கணக்கை ஏத்துனவங்களை நாம யாரும் தேடிப் போறதில்ல.

2024 டிசம்பர்ல அமெரிக்க வரித்துறை ஒரு அறிவிப்பு விட்டுச்சு. 2021 ரிட்டர்ன்ல இதே வரியைக் காலியாவோ பூஜ்யமாவோ விட்ட, ஆனா தகுதி இருந்த சுமார் 10 லட்சம் பேருக்கு, மொத்தம் 240 கோடி டாலர், தானாவே அனுப்புறோம்னு. இத்தனை நாளும் வரித்துறைக்கிட்ட அந்தக் கணக்கு இருந்துச்சு. ஒத்துப் பார்க்கத்தான் மூணு வருஷம்.

அந்த 10 லட்சமும் 2021 கணக்கு மட்டும். 2020 ரிட்டர்ன்ல விட்டவங்க கேக்குறதுக்கான கடைசி நாள் 2024 மே 17. அது அதுக்குள்ள போயிடுச்சு.

செய்தியை அக்காவுக்கு அனுப்புனேன். அவ திருப்பிக் கேட்டது ஒண்ணுதான். "நான் மெயில் போட்ட ஃபைல்லாம் 2020 தானடா?"

ஆமா அக்கா. 2020 தான்.