உப்புத் தண்ணீரும் ஒரு வள்ளலும்

பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கிவிட்டால் போதும்... சென்னையோ, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் குமாரலிங்கபுரமோ, பசங்களுக்குள் இந்தச் சண்டை வரும். 'உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் சோடியம் ஏன் கிடைப்பதில்லை? 1807-லேயே ஹம்ப்ரி டேவி லண்டனில் பிரித்துக் காட்டினாரே!'

காட்டினார்தான். ஆனால், அவர் எடுத்துக்கொண்டது உருக்கிய எரிசோடா. கரைசல் என்றால் தண்ணீர் குறுக்கே வந்துவிடும்! எதிர்மின்வாயில் சோடியத்தை முந்திக்கொண்டு ஹைட்ரஜன் கிளம்பும், நேர்மின்வாயில் குளோரின். பாத்திரத்தில் மிஞ்சுவது எரிசோடா. சோப்பு, காகிதம், துணி எல்லாவற்றுக்கும் அது வேண்டும்.

இந்த மின்வேதியியலை ஆராயும் தேசிய ஆய்வகம் டெல்லிக்கோ பம்பாய்க்கோ போகவில்லை. வறண்ட காரைக்குடிக்கு வந்தது. எப்படி? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் தூக்கிக் கொடுத்தார்! 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். உப்புக் கரைசலைப் பிரிக்கும் ஆலைகளில் கிராஃபைட் மின்வாய்கள் தேய்ந்துகொண்டே இருக்கும். அதற்கு மாற்றாக டைட்டானிய மின்வாய்களைப் பிற்பாடு இங்கே உருவாக்கினார்கள்.

பசங்களா, மனப்பாடம் பண்ணுவதற்கு முன்னால் 'ஏன்' என்று நல்லா சண்டை போடுங்க. காரைக்குடி ஒண்ணும் ரொம்ப தூரமில்லை!