பட்டு நூல் முதல் பளபளக்கும் பை வரை

காவிரியின் ஒரு கரையில் பவானி; மறுகரையில் குமாரபாளையம். நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர் விசைத்தறிக்கும் சாயத் தொழிலுக்கும் பெயர் பெற்றது. காற்று வறண்டிருக்கும் நாளில் செயற்கை இழை படுத்தும் பாட்டை நெசவுத் தொழிலில் உள்ளவர்கள் நன்கு அறிவார்கள். இழைகள் ஒன்றையொன்று விலக்கிப் பிரிந்து நிற்கும். தூசி வந்து ஒட்டும். தொட்ட விரலில் சுருக்கென்று குத்தும். உராய்வினால் உண்டாகும் நிலைமின்சாரமே இதற்குக் காரணம்.

இதே நிலைமின்சாரம் மின்னணுப் பொருள்களுக்கும் எதிரி. தானியங்கித் தறியின் மின்னணு அட்டை ஒன்றைப் பழுது பார்க்க வெளியூருக்கு அனுப்ப வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். அதை எந்தப் பையில் இடுவது? விலை கூடிய பைதான் நல்ல பையா? இதற்கு விடை காண, இந்தப் பைகள் பிறந்த கதையைத் தெரிந்துகொள்வது பயன் தரும்.

கதையின் முதல் நாயகர் ஒரு சாயத் தொழிலாளி. இங்கிலாந்தின் கான்டர்பரி நகரைச் சேர்ந்த ஸ்டீபன் கிரே, 1729-ஆம் ஆண்டு கண்ணாடிக் குழாயைத் தேய்த்து மின்னூட்டம் பெறச் செய்து, அதை நீண்ட சணல் கயிற்றின் வழியே தொலைவுக்கு அனுப்பிப் பார்த்தார். கயிற்றைத் தாங்க நண்பர் வீலரின் யோசனைப்படி பட்டு நூலைக் கட்டினார். மின்சாரம் மறுமுனையை எட்டியது. பட்டு மெல்லியதாக இருப்பதால்தான் மின்சாரம் அதன் வழியே கசியவில்லை என்று இருவரும் எண்ணினர். ஒருநாள் பாரம் தாங்காமல் பட்டு அறுந்தது. அதற்குப் பதிலாக மெல்லிய பித்தளைக் கம்பியைக் கட்டினார்கள். என்ன வியப்பு! மின்சாரம் மறுமுனைக்குப் போகவே இல்லை. கம்பி வழியே ஓடிவிட்டது. பருமன் முக்கியமன்று, பொருளின் தன்மையே முக்கியம் என்பது விளங்கிற்று. கடத்தி, கடத்தாப் பொருள் என்ற பாகுபாடு இவ்வாறு தோன்றியது.

இரண்டாவது நாயகர் மைக்கேல் ஃபாரடே. 1836-ஆம் ஆண்டு அவர் 12 அடிச் சதுரக் கூண்டு ஒன்றை அமைத்து, அதன்மேல் உலோகத் தகடும் கம்பியும் போர்த்தி, உணர்கருவிகளுடன் தாமே உள்ளே சென்றார். வெளியே மின்பொறிகள் பறந்தன; உள்ளே கருவியின் முள் அசையவில்லை. உலோக உறை தன்னுள் இருப்பதை வெளி மின்சாரத்திலிருந்து காக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

மூன்றாவது பாடம் ஆலைகளில் கிடைத்தது. பருத்தி, காற்றின் ஈரத்தில் தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காட்டை ஏற்றுக்கொள்ளும். 1941-இல் கண்டுபிடிக்கப்பட்ட பாலியெஸ்டர் இழையோ 0.4 விழுக்காடுதான் ஏற்கும். ஈரம் இருந்தால் மின்னூட்டம் மெல்லக் கசிந்து போய்விடும். இல்லாவிட்டால் இழையிலேயே தங்கிவிடும். நெசவுக் கூடங்களில் நீர்த்துளிகளைத் தெளித்துக் காற்றை ஈரமாக வைப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

1959-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக் கூடத்தில் அட்டல்லா, காங் ஆகிய இருவரும் மாஸ் வகை டிரான்சிஸ்டரை உருவாக்கினர். அதன் உயிர்நிலை ஒரு மெல்லிய ஆக்சைடு படலம். தொடக்க காலத்தில் அதன் தடிப்பு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான்! அதைத் துளைக்க நூறு வோல்ட் அளவே போதும். நம் விரல் உணரும் மின்பொறிக்கோ ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். எனவே, நாம் ஒன்றும் உணராத வேளையிலேயே கருவி செத்துவிடலாம். அரைகுறையாய்ப் பழுதாகி, சோதனையில் தேறி, சில மாதம் கழித்துக் கைவிடுவதும் உண்டு.

அந்நாளில் டிரான்சிஸ்டரின் கால்களை ஓர் உலோக வளையத்தால் பிணைத்து அனுப்பினார்கள். பின்பு கரி கலந்த கறுப்பு நுரையில் செருகினார்கள். அதன்பின் இளஞ்சிவப்புப் பாலித்தீன் பையும், இறுதியாக உலோகப் பூச்சுள்ள பளபளக்கும் பையும் வந்தன.

சாதாரணப் பாலித்தீன் பை என்ன செய்யும்? 1980-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட கையேடு ஒன்று, வறண்ட காற்றில் அத்தகைய பையை மேசையிலிருந்து எடுத்தாலே 20,000 வோல்ட் வரை உண்டாகும் என்கிறது. ஈரக் காற்றில் அதுவே 1,200 வோல்ட். இரண்டுமே ஆபத்துதான்.

இளஞ்சிவப்புப் பையில் கலந்துள்ள வேதிப்பொருள் காற்றின் ஈரத்தைப் பற்றிக்கொண்டு மின்னூட்டத்தைக் கசியவிடுகிறது. நெசவுக் கூடத்தின் உபாயமே இது! ஆகவே, காற்று வறண்டாலும், பை பழசானாலும் அதன் ஆற்றல் குறையும். மேலும், வெளியிலிருந்து பாயும் மின்பொறியை அது தடுக்காது. பளபளக்கும் பையோ மின்னூட்டத்தைக் கசியவிடுவதுடன், நடுவிலுள்ள உலோகப் படலத்தால் ஃபாரடேயின் கூண்டாகவும் விளங்குகிறது. ஆனால் வாயைத் திறந்து வைத்தால் கூண்டு கூண்டாகாது.

சிக்கனத்தின் வழி இப்போது தெளிவாகும். திருகு, வெற்று உறை, இரும்புத் தாங்கி ஆகியவற்றைத் தனியே அனுப்பச் சாதாரணப் பை போதும். பட்டறைக்குள், தரையிணைப்புள்ள மேசைகளுக்கிடையே அட்டையைக் கொண்டுசெல்ல இளஞ்சிவப்புப் பை போதும். லாரியேறும் அட்டைக்கு மட்டும் உலோகப் பூச்சுப் பை வேண்டும். அதற்கு வெளியே சாதாரணக் குமிழித் தாளும் அட்டைப் பெட்டியும் அதிர்ச்சியைத் தாங்கும். பைக்குள்ளே தெர்மோகோல் துண்டு, செல்லோடேப் கூடாது. மின்கலம் பொருத்திய அட்டையைக் கறுப்பு நுரையில் வைத்தால் மின்கலம் குறுக்குச்சுற்றாகும். ஓட்டை விழாத, பூச்சு உரியாத பளபளக்கும் பையை மீண்டும் பயன்படுத்தலாம்; புதிய அட்டை வந்த பையை வீசாமல் எடுத்து வைத்தால், அதைத் திருப்பியனுப்பும் நாளில் உறைச் செலவே இராது.