ஈரூர் வரலாறு: கோல சிலாங்கூர்த் தோட்டங்களும் முன்னோர் மண்ணும்

முன்னோர் வாழ்ந்த மண்ணை ஒருமுறையேனும் கண்ணாற் கண்டுவிட வேண்டும் என்னும் வேட்கை, புலம்பெயர்ந்த இனங்கள் அனைத்துக்கும் பொதுவானது. வளர்ந்து ஆளான பிள்ளைகள் முதுமையுற்ற தாய் தந்தையரை அழைத்துச் சென்று, "இதுதான் நம் பாட்டன் பிறந்த ஊர்" என்று காட்டுவது இக்காலத்தில் எல்லா நாட்டாரிடையேயும் காணப்படும் வழக்கம். ஆனால் அவ்வாறு காட்டுவதற்கு ஊர் இன்னதென்று தெரிந்திருத்தல் வேண்டும். மலேசியத் தமிழர் பலர்க்கு அது தெரியாமற் போனது ஏன்? தெரிந்தாலும் அவர்தம் முன்னோர் மண் எது? கோல சிலாங்கூர், வட சிலாங்கூர்த் தோட்டங்களின் வரலாற்றைக்கொண்டு இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வது பயனுடைத்து.

ஒப்புமைக்கு ஓர் இனத்தை முதலில் நோக்கலாம். ஐரோப்பாவில் பிரெஞ்சு நாட்டுக்கும் ஸ்பெயின் நாட்டுக்கும் இடையே, பிரனீஸ் மலையின் இருபுறமும் வாழும் பாஸ்க் மக்கள் தமக்கெனத் தனிமொழி உடையவர்கள். 19, 20ஆம் நூற்றாண்டுகளில் அவர்களுட் பலர் அர்ஜென்டினா, உருகுவே ஆகிய நாடுகளுக்கும், அமெரிக்காவின் ஐடஹோ, நெவாடா மாநிலங்களுக்கும் குடியேறினர். அமெரிக்கா சென்றோர் பெரும்பாலும் ஆட்டு மந்தை மேய்த்துப் பிழைத்தனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று பாஸ்க் நாட்டுக்குத் திரும்பிச் சென்று முன்னோரின் வீட்டைத் தேடுகின்றனர். அவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பாஸ்க் குடும்பப் பெயர்களுள் மிகப்பல, வீட்டின் பெயராலோ நிலத்தின் பெயராலோ அமைந்தவை. 'எச்செபெரியா' என்னும் பெயருக்குப் 'புதுவீடு' என்பது பொருள். மனிதன் கடல் கடந்தபோது அவன் வீடும் பெயரில் ஏறிக் கூடவே சென்றது.

தமிழரிடமும் இதனை ஒத்த மரபு ஒன்று இருந்தது. ஊரின் முதலெழுத்தையும் தந்தையின் முதலெழுத்தையும் பெயருக்கு முன்னே தலையெழுத்தாக இட்டு வழங்கினர். ஆயின் எழுத்தறியாத தோட்டத் தொழிலாளிக்கு இம்மரபு பயன்படவில்லை. தோட்டத்துப் பேரேட்டில் அவன் பெயரும் தந்தை பெயரும் மட்டுமே ஏறின. பின்னாளில் பிறப்புப் பத்திரத்திலும் அடையாள அட்டையிலும் 'இன்னாரின் மகன்', 'இன்னாரின் மகள்' என்னும் முறையே நிலைபெற்றது. இம்முறையில் ஒவ்வொரு தலைமுறையிலும் பாட்டன் பெயர் உதிர்ந்துவிடுகிறது; ஊர்ப்பெயரோ முதற்படியிலேயே உதிர்ந்துவிட்டது.

கங்காணி கொணர்ந்த ஊர்

மலாயாவுக்கு இரப்பர் கன்றுகள் வந்த ஆண்டு 1877. எனினும் 1905ஆம் ஆண்டையொட்டித்தான் இரப்பர் விலை உயர்ந்து, சிலாங்கூரின் காடுகள் பெருமளவில் அழிக்கப்பட்டன. காடு வெட்டவும், கன்று நடவும், பால் எடுக்கவும் ஆட்கள் தேவைப்பட்டனர். முன்னர்க் கரும்புத் தோட்டங்களில் வழங்கிய ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்கு வந்தது. அதன் இடத்தைக் கங்காணி முறை முழுமையாகப் பற்றிக்கொண்டது. 1907இல் தொடங்கப்பெற்ற தமிழர் குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் பணம் திரட்டித் தொழிலாளரின் பயணச் செலவை ஏற்றது.

கங்காணி என்பவன் தோட்டத்திலேயே வேலை பார்த்த ஒரு மூத்த தொழிலாளி. அவன் அனுமதிச் சீட்டுடன் தன் சொந்த ஊருக்குப் போய், உற்றாரையும் ஊராரையும் அழைத்து வந்தான். இதனை 'ஆள்கட்டுதல்' என்றனர். திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், தென்னார்க்காடு, வடார்க்காடு, செங்கற்பட்டு முதலிய மாவட்டங்களிலிருந்து மக்கள் ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களுக்கு வந்து சேர்ந்தனர். அங்கிருந்து கப்பலேறிப் பினாங்கிலோ, இன்று கிள்ளான் துறைமுகம் என வழங்கும் போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கினர். நோய்த்தடுப்பு முகாமில் சில நாள் தங்கிய பின்னரே தோட்டம் சேர்ந்தனர்.

இம்முறையின் தீமைகள் பல. தொழிலாளி கடன்பட்டான்; கங்காணியின் பிடிக்குள் அகப்பட்டான். ஆனால் வரலாறு தேடுவோர்க்கு இதில் ஒரு துப்பும் உண்டு. கங்காணி ஓர் ஊரிலிருந்தும் அதன் சுற்றுவட்டத்திலிருந்தும் ஆள் கட்டியதால், ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் பல ஒரே வட்டாரத்தைச் சேர்ந்தவையாக அமைந்தன. ஆகவே தன் குடும்பத்தின் ஊர் மறந்து போயிற்றெனினும், பக்கத்து லயத்துக் குடும்பத்தின் ஊர் நினைவிருப்பின், அதுவே வழிகாட்டக்கூடும்.

தென்னமரம் என்னும் தோட்டம்

பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை, 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என வழங்கும் ஊருக்கு அருகே 'தென்னமரம்' என்றொரு தோட்டம் உண்டு. ஆங்கில நிலப்படங்களிலும் உலகச் செம்பனை வரலாற்று நூல்களிலும் இப்பெயர் இடம்பெறுகிறது. பேச்சுத் தமிழில் தென்னைமரத்தைக் குறிக்கும் சொல்லே தோட்டத்தின் பெயராயிற்று என்பதை அறியத் தமிழருக்கு அகராதி வேண்டியதில்லை.

இத்தோட்டத்தை உருவாக்கியவர் ஆங்கிலேயர் அல்லர். ஹென்றி போகொன்னியே என்னும் பிரெஞ்சுக்காரர். 1905இல் மலாயாவுக்கு வந்த அவர், தோட்டத் தொழிலைக் கற்கும்போதே மலாயும் தமிழும் பயின்றார். சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் அமைத்தார். சுமத்திராவிலிருந்து செம்பனை விதைகளைக் கொணர்ந்து முதலில் அழகுக்காக வளர்த்தார். பின்னர் 1917இல் தென்னமரம் தோட்டத்தில் செம்பனை வாணிக நோக்கில் பயிரிடப்பட்டது. மலேசியாவின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் இதுவே. மலாயா வாழ்வை வைத்து அவர் எழுதிய நாவல் 1930இல் பிரான்சின் உயரிய கோன்கூர் பரிசைப் பெற்றது.

துரையின் பெயர் பரிசுப் பட்டியலில் நின்றது. அவர் தோட்டத்தில் காட்டை அழித்துக் குழி வெட்டிக் கன்று நட்டவர்களின் பெயர்கள் எந்நூலிலும் இல்லை. அவர்கள் பேசிய மொழியின் ஒரு சொல் மட்டும் தோட்டத்தின் பெயராக நின்றுவிட்டது. தம் முன்னோர் அங்கு உழைத்தனர் என்பதற்குத் தென்னமரத்துப் பிள்ளைகளுக்கு இதனினும் உறுதியான கல்வெட்டு வேறு வேண்டுமோ?

ஊர் மறைந்த விதம்

தொடக்கத்தில் தொழிலாளர் எவரும் மலாயாவில் நிலைத்துவிட எண்ணியதில்லை. சில ஆண்டு உழைத்துக் கடன் தீர்த்துத் திரும்புவதே நோக்கம். பணம் அனுப்பினர், கடிதம் எழுதுவித்தனர், வாய்த்தவர் ஊர் சென்று மீண்டனர். 1926இல் கட்டப்பெற்ற 'ரஜூலா' கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு இப்போக்குவரத்துக்குப் பெயர்பெற்று விளங்கிற்று. தந்தை தன் மலாயாப் பிள்ளைகளை அழைத்துப் போய்த் தன் வீட்டையும் வயலையும் குலதெய்வத்தையும் காட்டிய காலம் அது.

இத்தொடர்பு மூன்று அடிகளால் நைந்தது. முதலாவது, 1938இல் இந்திய அரசு மலாயாவுக்கு உதவிபெற்றுக் குடியேறுவதைத் தடை செய்தது. ஊரிலிருந்து புதிதாக ஆள் வந்து சேருவது நின்றது. இரண்டாவது, ஜப்பானியர் ஆட்சி. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் மரண இரயில் பாதை வேலைக்கெனத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் மாண்டனர். ஊர்ப்பெயரும் உறவுமுறையும் சொல்லத்தக்க தந்தையரே பல குடும்பங்களில் திரும்பவில்லை. கைம்பெண்களும் சிறுவரும் எஞ்சினர். ஊரின் நினைவு அவ்வளவில் அறுந்தது. மூன்றாவது, 1969க்குப் பின் குடியுரிமையற்றோருக்கு வேலை அனுமதி வேண்டும் என்னும் நிலை தோன்றியபோது பல்லாயிரவர் தமிழகம் திரும்பினர். ஒரே குடும்பம் இருநாட்டுக் குடும்பமாயிற்று. 1985இல் 'சிதம்பரம்' கப்பல் தீ விபத்துக்குள்ளானதுடன் பழைய கடற்பயணமும் முடிவுற்றது.

தேடுவோர் அறிய வேண்டியவை

இன்று கோலாலம்பூரிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு வானூர்தியில் சில மணி நேரமே ஆகிறது. ஆயினும் தேடுவோர் பலர் வழியிலேயே தடுமாறுகின்றனர். பாட்டன் சொன்ன மாவட்டம் இன்றைய நிலப்படத்தில் இல்லாமையே அதற்குக் காரணம். பழைய தென்னார்க்காடு 1993இல் கடலூர், விழுப்புரம் எனப் பிரிந்தது. வடார்க்காட்டிலிருந்து 1989இல் திருவண்ணாமலைப் பகுதி தனியாயிற்று. சேலத்திலிருந்து 1965இல் தருமபுரியும், 1997இல் நாமக்கல்லும் பிரிந்தன. தஞ்சாவூரிலிருந்து 1991இல் நாகப்பட்டினம் பிரிந்தது. பெரம்பலூர், கரூர்ப் பகுதிகள் 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்தவை. 'திருச்சி ஜில்லா' என்று கிழவர் சொன்னால், அது இன்றைய திருச்சிராப்பள்ளியாக இருக்க வேண்டுவதில்லை. புதூர், நல்லூர், புதுப்பட்டி என்னும் ஊர்ப்பெயர்களோ தமிழகமெங்கும் உள்ளன. தாலுகாவும் பக்கத்து ஊரும் தெரியாமல் அவற்றைத் தேடுவது வீண்.

இவ்விடத்தில் கைகொடுப்பது குலதெய்வம். ஊர்ப்பெயரை மறந்த குடும்பமும் குலதெய்வத்தின் பெயரை எளிதில் மறப்பதில்லை. பிள்ளைக்கு முடியிறக்குவதும் முதற்பொங்கல் வைப்பதும் அதன் பெயராலேயே நடந்துவந்தன. குலதெய்வத்தின் முழுப்பெயரையும் அதன் காவல் தெய்வங்களின் பெயர்களையும் கேட்டு வைத்துக்கொண்டால் தேடும் எல்லை சுருங்கும். பாஸ்க் மக்களுக்கு வீட்டுப்பெயர் எதுவோ, தமிழர்க்குக் குலதெய்வம் அது எனலாம்.

இரண்டாவது ஊர்

இவ்வாறு தேடி ஊரைக் கண்டுபிடித்து, முதிய தாயை அங்கு அழைத்துச் செல்லும் மகன் ஒன்றை உணர்வான். அவ்வூரில் தாயும் அவனைப் போலவே விருந்தாளி. அவ்வூர் அவளுடைய பாட்டனின் ஊர். அவள் அதைக் கேள்வியால் மட்டுமே அறிவாள். தாய்க்கு வழிகாட்ட எண்ணிய மகனும் வழி கேட்டே நடக்க வேண்டியவனாகிறான்.

அதே தாயை அவள் பிறந்த தோட்டத்துக்கு அழைத்துச் சென்றால் நிலைமை மாறிவிடும். காட்ட வந்த மகன் கேட்பவனாவான். காண வந்த தாய் காட்டுபவளாவாள். விடியுமுன் பெரட்டுக்கு நின்ற இடம், பால்மரத்து நிரை, மங்கு கழுவிய இடம், ஆயாக்கொட்டகை, கிராணி வீடு, திருவிழாவில் தீமிதித்த மாரியம்மன் கோயில் என ஒவ்வொன்றையும் அவளே சுட்டுவாள். கட்டடம் இல்லாத இடத்திலும் கட்டடத்தைக் காண அவளால் இயலும். எனவே மலேசியத் தமிழர்க்கு முன்னோர் மண் ஒன்றன்று, இரண்டு. முதலாவது அவர்கள் புறப்பட்ட ஊர். இரண்டாவது அவர்கள் உழைத்து உருவாக்கிய தோட்டம்.

வருந்தத்தக்கது யாதெனில், முதலாவதினும் இரண்டாவதே விரைந்து மறைகிறது. தமிழகத்துச் சிற்றூர் மாவட்டம் மாறினும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. தோட்டமோ அவ்வாறன்று. 1950களில் தோட்டத் துண்டாடல் தொடங்கித் தொழிலாளரைத் தெருவில் நிறுத்தியது. அதற்கு மாற்றாக 1960இல் துன் வீ. தி. சம்பந்தனார் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர் இரப்பர் அழிந்து செம்பனை வந்தது. செம்பனையும் அழிந்து வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. வட சிலாங்கூரில் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் குடும்பங்கள் சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டு காத்திருந்த செய்தி நாடறிந்தது. தோட்டம் போன பின்னும் அதன் பெயர் தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையில் மட்டும் நிற்பதை இன்று பல இடங்களிற் காணலாம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்ட முதலாளிகள் பள்ளி அமைக்க வேண்டுமென வகுத்ததால் எழுந்த பள்ளிகளே, இறுதியில் தோட்டங்களின் நினைவுச் சின்னங்களாயின.

தமிழாசிரியர்க்கு ஒரு கடமை

இவ்வரலாற்றின் பெரும்பகுதி நூல்களில் இல்லை. அது முதியோர் நினைவிலேயே உள்ளது. அவர்களோடு அதுவும் மறையும். ஆகவே பள்ளிகளில் ஒரு சிறு முயற்சியை மேற்கொள்ளலாம். மாணவன் ஒவ்வொருவனும் தன் வீட்டு முதியவரிடம் ஐந்து செய்திகளைக் கேட்டு எழுதி வரட்டும்: பாட்டன் பிறந்த ஊரும் தாலுகாவும், குலதெய்வத்தின் பெயர், அழைத்துவந்த கங்காணியின் பெயர், வாழ்ந்த தோட்டங்களின் பெயர்கள், லயத்தில் பக்கத்தில் வாழ்ந்த குடும்பங்கள். முதியவர் நடக்க இயலுமாயின், அவரைத் தோட்டத்துக்கே அழைத்துச் சென்று அவர் காட்டுவதைக் குறித்துக்கொள்வது இன்னும் சிறப்பு. பழைய பிறப்புப் பத்திரங்களில் தோட்டத்தின் பெயர் இருக்கும். அவற்றைக் குப்பையில் எறியாது காக்க வேண்டும் என்பதையும் மாணவர்க்கு உணர்த்துதல் நன்று.

பிரெஞ்சுத் துரையின் கதையை உலகம் படித்தது, அவர் எழுதி வைத்தமையால். தென்னமரத்தில் கன்று நட்டவரின் கதையை அவர்தம் கொள்ளுப்பேரர் எழுதினாலன்றி வேறெவரும் எழுதப்போவதில்லை. தாயும் தந்தையும் கைநீட்டிக் காட்ட வல்லவராக இருக்கும்போதே அவர்களை அழைத்துச் செல்வது, மகனும் மகளும் ஆற்ற வேண்டிய கடனாகும்.