சமரச அவையும் தழும்பில்லா வன்முறையும்

1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, இயலுமிடத்து முதற்கண் உடன்பாடு காண முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாக்கியது. எதிரெதிர் அமர்வோர் இருவரும் நிகரானவர் என்பது சமரசத்தின் எடுகோள். மனைவியின் ஊதியமும் வெளிச்செலவும் பிறந்தகத்தாரோடு பேசும் பேச்சும் கணவனின் இசைவுக்குக் கட்டுண்ட இல்லத்தில் அது பொய்த்துப்போகும். தொல்காப்பியக் கற்பியல் சுட்டும் வாயில்கள் தணிக்க முயல்வது ஊடலை. ஊடலில் வாயில் மறுக்கும் உரிமை தலைவிக்கு உண்டு. அச்சத்தால் விளைந்த அமைதியை ஊடல் தணிவாகக் கொள்வது பெரும்பிழை.

2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உடற்கொடுமையோடு பாலியல், சொல், உணர்வு, பொருளியல் கொடுமைகளையும் வன்முறையென வரையறுத்தது. அதன்கீழ் 2006இல் வந்த விதிகளுள் 14ஆம் விதி குறிப்பிடத்தக்கது. அறிவுரையாளர்முன் எதிர்த்தரப்பினர் தம் செயலுக்கு நியாயம் கற்பித்தலாகாது. பாதிக்கப்பட்டவர் விரும்பினாலன்றி உடன்பாட்டு முயற்சியும் இல்லை. (நம் சமரச உரையாடல்களில் இவ்விதி உரிய இடம் பெறவில்லை என்பதே என் கருத்து.)

2013இல் கே. சீனிவாச ராவ் எதிர் டி. ஏ. தீபா வழக்கில் உச்ச நீதிமன்றம், 498அ பிரிவு வழக்குகளையும் இரு தரப்பும் இசைந்தால் சமரசத்திற்கு அனுப்பலாம் என்றது. அந்த இசைவு மெய்யானதா என அறியும் பொறுப்பு இதனால் சமரசரையும் சேர்ந்தது. மனைவியை முதலில் தனியே வினவுதல் வேண்டும்; வங்கி அட்டையும் கைப்பேசியும் யார் வசம் உள்ளன, விடை கூறுமுன் அவர் யார் முகத்தை நோக்குகிறார் என்பனவும் அங்கே சான்றுகளே.