சேலத்தில் உருவான கோட்டு

கலை வேறு, வணிகம் வேறு. ஒன்று வளர மற்றது தேயும் என்பது பரவலான எண்ணம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் வரலாறு இதனை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது.

திருச்செங்கோட்டைச் சேர்ந்த செல்வக் குடும்பத்தில் பிறந்து, இங்கிலாந்தில் நெசவுத் தொழிற்கல்வி பயின்ற டி.ஆர். சுந்தரம், 1930களின் நடுவில் ஏற்காட்டு மலையடிவாரத்தில் இப்படநிலையத்தை நிறுவினார். ஆலையை நடத்தும் ஒழுங்குடன் அதனை நடத்தினார். எழுத்தாளரும் தொழில்நுட்பக் கலைஞரும் மாதச் சம்பளத்தில் பணியாற்றினர். நேரமும் செலவும் கணக்கில் அடங்கியதால் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வெளிவந்தன.

இக்கண்டிப்பு படைப்பாளியை ஒடுக்கவில்லையா என்னும் வினா எழலாம். கவி கா.மு. ஷெரீப் பாடல் புனைந்ததும், அவர் பரிந்துரையால் மு. கருணாநிதி வசனம் எழுத வந்ததும் இங்கேதான்.

1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாயிற்று. அரபுக் கதையின் கவர்ச்சியை நம்பிய வணிகத் துணிவு அது. 1961இல் மலையாளத்தின் முதல் வண்ணப்படத்துக்கு அவர் தேர்ந்தது 'கண்டம் பெச்ச கோட்டு' என்னும் நாடகம். அதன் நாயகர் செருப்புத் தைக்கும் ஏழை முஸ்லிம் முதியவர். ஹஜ்ஜுக்கெனச் சேர்த்துக் கோட்டின் ஒட்டுகளில் தைத்து வைத்த பணத்தை, வரதட்சணையால் தடைபட்ட ஒரு பெண்ணின் திருமணத்துக்கு ஈகிறார். வண்ணத்தின் பெருஞ்செலவை இத்தகைய எளிய வாழ்வுக்கு ஒதுக்க இயன்றது, முன்னைய படங்களின் கணக்கு நேராக இருந்தமையால்தான்.

1963இல் சுந்தரம் மறைந்தார். இன்று அவ்வளாகத்தின் நுழைவாயில் வளைவே எஞ்சி நிற்கிறது. செல்வத்தை அமானிதமாகக் கருதும் நமக்கு, அக்கோட்டும் அவரது கணக்கேடும் ஒரே பாடத்தையே உணர்த்துகின்றன: சேர்ப்பதில் ஒழுங்கு, செலவிடுவதில் நோக்கம்.