இறாத்தலும் கிலோவும்: பொகவந்தலாவைக் கொழுந்துத் தராசு பற்றிய ஒரு குறிப்பு

மலையக வரலாற்றை எழுதியோர் குடிப்பெயர்வையும் சம்பளத்தையும் தொழிற்சங்கங்களையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அச்சம்பளத்தை நாள்தோறும் தீர்மானிக்கும் தராசு அத்துணைக் கவனம் பெறவில்லை. பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கை முன்னிறுத்தி அதனை ஈண்டு நோக்குவோம்.

இப்பள்ளத்தாக்கில் தேயிலைக்கு முன் பயிரானது கோப்பி. பறித்த கோப்பிப்பழம் புசல் கணக்கில் முகந்தளக்கப்பட்டது. பெட்டி நிறைந்ததா என்பதை எழுத்தறியாதவரும் கண்ணாற் காணலாம். 1869இல் இலங்கையில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை பரவிற்று. கொழுந்தோ அமுக்கினால் அமுங்கும், தளரவிட்டால் பொங்கும். ஆதலின் அதற்கு நிறுத்தலே ஏற்ற முறையாயிற்று. ஆனால் முகத்தல் நிறுத்தலாக மாறியபோது, அளவைச் சரிபார்க்கும் வாய்ப்பு பறித்தவரிடமிருந்து முள்ளை வாசிப்பவரிடம் சென்றது. வரலாற்று நோக்கில் இதுவே பெரிய மாற்றம் என்பது எமது கருத்து.

கொழுந்து மடுவத்தில் தொங்கும் விற்றராசில் கூடை கொளுவப்படும். கணக்கப்பிள்ளை எண்ணைச் சொல்வார். கூடைக்கும் மழையீரத்துக்கும் முற்றலிலைக்கும் கழித்த பின் எஞ்சியதே பதிவாகும். குறித்த நிறையை எட்டினால் ‘பேர்’, எட்டாவிடின் ‘அரைப்பேர்’. செக்றோலில் பெயர் பதிவதைக் குறித்த சொல், ஒருநாட் கூலிக்கே ஆகிவந்தமை கருதத்தக்கது.

நெடுங்காலம் நிறையலகாக இருந்தது இறாத்தல். அரபு மூலங்கொண்ட இச்சொல் போர்த்துக்கேயர் வழியாக வந்து, பிரித்தானியரின் பவுண்டுக்கு எம்மிடையே பெயராயிற்று. 1959இல் ஒரு பவுண்டு 0.45359237 கிலோகிராம் எனச் சர்வதேச உடன்பாட்டால் வரையறுக்கப்பட்டது. 1970களில் இலங்கை மெற்றிக் முறைக்கு மாறத் தொடங்கியது. இத்தகைய மாற்றத்தில் முழுவெண்ணாக்கல் சிறு செயலன்று. 40 இறாத்தல் 18.14 கிலோ ஆகும். அதை 18 என எழுதினால் பறிப்பவருக்கு ஆதாயம். 19 என எழுதினால் தோட்டத்துக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு இறாத்தல் கூடுதல்.

இங்கு ஒரு பௌதிகக் குறிப்பு. விற்றராசு உண்மையில் அளப்பது திணிவையன்று, புவியீர்ப்பு விசையையே. கடல்மட்டத்திற் சரிபார்த்த விற்றராசு, 4000 அடிக்கு மேற்பட்ட பொகவந்தலாவையிற் சற்றுக் குறைத்தே காட்டும். அக்குறைவு 20 கிலோவுக்குப் பத்துக் கிராமளவையும் எட்டாது. மலை கழிப்பது இவ்வளவே. மடுவத்திற் கழிக்கப்படுவது கிலோக் கணக்கில் என்பதே தொழிலாளரின் நெடுநாள் முறைப்பாடு.

பாரிசுக்கு அருகே காக்கப்பட்ட பிளாற்றினம்–இரிடியம் உருளையே 1889 முதல் கிலோகிராமின் மூலப்படியாக இருந்தது. அவ்வுருளையின் திணிவிற் சில பத்து மைக்கிரோகிராம் வேறுபாடு இருக்கலாம் என்ற ஐயமும் அவ்வலகைப் பிளாங் மாறிலியால் மீள வரையறுத்தற்கு ஒரு காரணமாயிற்று. புதிய வரையறை 2019 மே 20இல் நடைமுறைக்கு வந்தது. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபின் தோட்டங்களில் எழுந்த பிணக்குகளிற் பல, அந்த 1000 ரூபாவுக்கு எத்தனை கிலோ என்பது பற்றியன. சில தோட்டங்களில் இப்போது இலத்திரனியல் தராசுகள் உள்ளன. அவற்றின் திரை மொத்த நிறையைக் காட்டும். எவ்வளவு கழிப்பது என்பதை இன்றும் மனிதரே முடிவுசெய்கின்றனர்.