நிப்பா தந்த பாடம்

சுங்கைப் பட்டாணியில் மாணவர்களுக்குப் பறவைக் காய்ச்சலை விளக்குகையில், நம் நாட்டின் நிப்பா வரலாற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

1998இல் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களிடையே மூளைக்காய்ச்சல் பரவியது. கொசுவே காரணமென்று மருந்தடித்தனர், தடுப்பூசி போட்டனர். மரணங்கள் நிற்கவில்லை. நோய் நெகிரி செம்பிலானுக்கும் சென்றது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர் சுவா காவ் பிங் புதிய கிருமியைக் கண்டறிந்தார். வௌவால் கடித்துப் போட்ட பழங்களின் வழியே அது பன்றிக்கும், பன்றியிலிருந்து மனிதருக்கும் தொற்றியதென ஆய்வாளர் விளக்கினர். மலேசியாவில் 105 பேர் மாண்டனர். 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

இன்று பறவைக் காய்ச்சலும் இனம் தாண்டுகிறது. காட்டுப் பறவைகளிடம் பரவிய எச்5என்1 கிருமியால் 2023இல் பெரு நாட்டில் கடற்சிங்கங்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தன.

பெற்றோர்களே, வீட்டுக் கோழிகள் திடீரெனச் செத்தால் பிள்ளைகளைத் தொடவிடாதீர். கால்நடைச் சேவைத் துறைக்கு உடனே தெரிவியுங்கள்.